அச்சு முறிவது ஏன்?

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் அறிவுறுத்தியுள்ளார். சுமை மிகுந்தால் அச்சு முறியும் என்பது நம் உழவர் பெருமக்கள் அனைவரும் அறிந்ததே. ஆனால், சுமை அளவோடு இருக்கும்போதும் அச்சு முறிவதுண்டு. அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகட்கு முன், குறுவை நாற்றங்காலுக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்த பம்பு ஒன்றின் சுழல்தண்டு முறிந்துவிட்டது. புதிய தண்டு வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. அதற்குள் நாற்றில் ஒரு பகுதி கருகியது. இரும்பு மட்டமானது என்றார் உழவர். சுமை மிகுதி என்றார் பட்டறைக்காரர். முறிந்த துண்டை நாம் வாங்கிப் பார்த்தோம். முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பாகவும் கறுத்தும் காணப்பட்டது. எஞ்சிய சிறுபகுதி மட்டுமே சொரசொரப்பாகப் பளபளத்தது. கறுத்த பகுதி முன்னரே சிறிது சிறிதாகப் பிளந்திருந்தது. பளபளத்த பகுதியே அன்று முறிந்தது. பிளவு தொடங்கிய இடத்தில், அடையாளத்திற்காக யாரோ உளியால் இட்ட கோடு ஒன்று இருந்தது!

விசை ஓடும் வழி

வாய்க்காலின் நடுவே ஒரு முளையை அடித்தால், ஓடிவரும் நீர் அதன் இரு பக்கங்களிலும் நெருங்கி விரைந்து பாய்வதைக் காண்கிறோம். ஒரு கம்பியை இழுக்கும்போது, அதனுள் விசையும் அவ்வாறே ஓடுவதாகக் கொள்ளலாம். கம்பியில் வெட்டு இருப்பின், விசை அவ்விடத்தைச் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டும். எனவே வெட்டின் நுனியில் வந்து நெருங்குகிறது. ஒரு சதுர அங்குலப் பரப்பு தாங்கும் விசையைத் தகைவு என்பர். வெட்டின் நுனியில் இத்தகைவு பன்மடங்காகிறது.

அகன்ற தகடொன்றில் சிறிய வட்டத் துளை இட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு மும்மடங்காகும். அத்துளையே இழுவைக்குக் குறுக்காக நீண்டு, நுனி கூர்மையாக இருக்குமாயின், தகைவு பத்து, இருபது மடங்குகூட ஆகலாம். இதனை 1913-இல் இங்கிலாந்தின் பொறியியல் அறிஞர் இங்கிலிஸ் கணக்கிட்டுக் காட்டினார். வெட்டு எவ்வளவு ஆழமோ, நுனி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு தீங்கு. ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தைக் கத்தரியால் சிறிது நறுக்கிவிட்டு எளிதில் கிழிப்பதும் இக்காரணம் பற்றியே. வரப்பில் உள்ள நண்டுவளையிலிருந்து உடைப்பு தொடங்குவதைப்போல, முறிவும் சிறு தழும்பிலிருந்து தொடங்குகிறது.

சுழலும் தண்டில் வேறொரு துன்பமும் உண்டு. பட்டையின் இழுப்பால் தண்டு சற்றே வளைகிறது. எனவே, ஒவ்வொரு சுற்றிலும் வெட்டின் வாய் ஒருமுறை திறந்து ஒருமுறை மூடுகிறது. நிமிடத்திற்கு 1,500 சுற்றுச் சுழலும் தண்டில் இது ஒரு மணி நேரத்தில் 90,000 முறை நிகழும். ஒரே இழுப்பில் முறியாத எஃகு, இவ்வாறு சோர்வுற்று முறிகிறது.

பருமன் மட்டும் காவாது

தடித்த தண்டுக்கு அச்சமில்லை எனச் சிலர் எண்ணுவர். மெல்லிய கம்பியை இழுத்தால் அது நீண்டு, இடை மெலிந்து, எச்சரிக்கை தந்த பிறகே அறுகிறது. தடித்த தண்டில் ஆழ்ந்த வெட்டு இருப்பின், அதன் நுனியில் உள்ள உலோகம் மெலிய முயன்றாலும், சுற்றியுள்ள பருத்த பகுதி அதனை விடாது பிடித்துக்கொள்கிறது. ஆகவே, அவ்விடம் ஒரே திசையில் அன்றி முத்திசையிலும் இழுபடுகிறது. நெளிந்து இடங்கொடுக்க வழியில்லாமையால், கண்ணாடிபோல் பிளக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பற்றவைப்பு முறையில் கட்டப்பட்ட கப்பல்கள் சில இவ்வாறே பிளந்தன. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்டு துறையில், அமைதியான நீரில் நின்ற ஸ்கெனக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் இரண்டாக முறிந்தது. குளிரும், எஃகின் தன்மையும், பற்றவைப்பின் குறைகளும் சேர்ந்து இக்கேட்டை விளைத்தன. லிபர்ட்டி சரக்குக் கப்பல்களில் சரக்கறை வாயின் கூரிய மூலைகளிலிருந்து விரிசல்கள் புறப்பட்டன. மூலைகளை வளைவாக அமைத்த பின்னர் இத்தொல்லை பெரிதும் குறைந்தது.

அழுத்தம் வேறு, இழுவை வேறு. அழுத்தும் விசை விரிசலின் வாயை மூடுகிறது. இழுக்கும் விசை அதனைத் திறக்கிறது. 1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம், கல்லின்மேல் கல் அமர்ந்து, ஏறத்தாழ 200 அடி உயரம் நிற்கிறது. அங்குக் கற்கள் பெரும்பாலும் அழுத்தத்தையே தாங்குகின்றன. அத்தகைய வன்கல்லையே, வரிசையாகக் குழியிட்டு ஆப்பு அடித்துக் கல்தச்சர் பிளந்துவிடுவர். மாமல்லபுரத்துப் பாறைகளில் அக்குழிகளின் தடங்களை இன்றும் காணலாம். தச்சருக்கு உதவும் குழியே, நம் தண்டுகளுக்குப் பகையாகிறது.

செய்யத்தக்கவை

1. புதிய தண்டு கடையச் சொல்லும்போது, பருமன் மாறும் இடத்தில் மூலையைக் கூர்மையாக விடாது, வளைவாக அமைக்கச் சொல்லுக. சாவிக்காடியின் மூலைகளும் அவ்வாறே இருத்தல் நன்று.

2. சுழலும் தண்டில் உளியால் அடையாளம் இடலாகாது. சிறு கீறல் இருப்பின், மென்மையான அரத்தாலும் உப்புத்தாளாலும் நீளவாக்கில் தேய்த்து வழவழப்பாக்குக.

3. விரிசல் கண்ட தண்டைப் பற்றவைத்து மீண்டும் ஓட்டுவது ஆபத்தானது, மாற்றிவிடுவதே சிக்கனம். தகட்டில் விரிசல் ஓடினால், அதன் நுனியில் சிறு வட்டத் துளையிட்டுத் தற்காலிகமாக நிறுத்தலாம்.

4. ஊராட்சிக் கைப்பம்புகளில் கம்பிகள் மரையிட்ட இடத்தில் அறுவதைக் காண்கிறோம். ஒவ்வொரு மரையும் ஒரு வெட்டே. பழுது பார்க்கும்போது வளைந்த கம்பியையும் தேய்ந்த மரையையும் விலக்குக. இணைப்புகளை முழுமையாக முடுக்குக.

5. ஐயமுள்ள தண்டைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவுக. சிறிது நேரம் கழித்து நன்கு உலரத் துடைத்துச் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுக. விரிசல் இருப்பின், உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தோன்றும்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன், கோடையிலேயே, ஊராட்சிகள் இச்சோதனையை ஒரு கடமையாக மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒரு முழம் துணி, சிறிது மண்ணெண்ணெய், ஒரு சுண்ணக்கட்டி ஆகியவையே இதற்குத் தேவை. நடவு நாளில் நான்கு நாட்களை இழப்பது, உழவனுக்கு ஒரு போகத்தையே இழப்பதற்குச் சமமாகலாம்.