பற்றும் விடும் ரோசின்

குதிரைவால் மயிரைப் புதிதாகக் கட்டிய வில்லால் வயலின் தந்தியை இழுத்தால் மயிர் வழுக்கிச் செல்லுமேயன்றி நல்லிசை பிறவாது. மயிரின் மேற்பரப்பில் உள்ள நுண்செதில்களே தந்தியைப் பற்றுகின்றன என்பார் உளர். செதில்கள் இருப்பது உண்மையே. ஆயினும் தந்தியைப் பற்றும் ஆற்றலை வில்லுக்கு அளிப்பது மயிரில் படியும் ரோசின் தூளே.

பைன் மரத்தைக் கீறி வடிக்கும் பிசினைக் காய்ச்சினால் டர்பன்டைன் எண்ணெய் ஆவியாகப் பிரிந்துவிடும். எஞ்சி நிற்கும் ஒளிபுகு திண்மமே ரோசின். அபியட்டிக் அமிலமும் அதன் இனத்து அமிலங்களும் இதன் பெரும்பகுதி. படிகமாக அமையாத பொருளாதலின் இதற்குத் திட்டமான உருகுநிலை இல்லை. குளிரில் நொறுங்கும், சூடேற ஏற மெல்ல இளகும். இந்த இளக்கமே இதன் பயனுக்கு அடிப்படை.

வில் இழுபடும்போது தந்தி சிறிது தொலைவு மயிரோடு ஒட்டிச் செல்கிறது, பின் நழுவி மீள்கிறது, மீண்டும் ஒட்டுகிறது. 440 அதிர்வெண் கொண்ட சுரத்தில் இது நொடிக்கு 440 முறை நிகழும். தந்தியில் தோன்றும் கூரிய மடிப்பொன்று இருமுனைகளுக்கும் இடையே ஓடி, வில்லைக் கடக்கும்போதெல்லாம் பற்றலையும் விடலையும் தூண்டுவதை 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் எல்ம்ஹோல்ட்சு கண்டறிந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன், கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், 1918இல் வில்லிசைத் தந்திகளின் இயக்கவியலை விரிவான ஆய்வுநூலாக எழுதினார். கையின் தடுமாற்றத்தை விலக்கி அளவெடுக்க, வயலினைப் பொறியால் வாசிக்கும் அமைப்பொன்றையும் அவர் உருவாக்கினார்.

ஒட்டும்போதுள்ள உராய்வுக்கும் நழுவும்போதுள்ள உராய்வுக்கும் இடைப்பட்ட வேறுபாடே இங்குத் தலையாயது. அவ்வேறுபாடு குறைந்தால் இசையை நிலைநிறுத்த வில்லை மேலும் அழுத்த வேண்டும் என்பதை ஆய்வாளர் செல்லெங் 1973இல் வெளியிட்ட கணக்கீடு காட்டுகிறது. நழுவலின் வெப்பம் தொடுபரப்பில் உள்ள ரோசினை இளக்கி உராய்வைத் தணிக்கிறது. ஒட்டும் வேளையில் அது குளிர்ந்து இறுகுகிறது. இதனைக் கேம்பிரிட்சு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டளவில் விளக்கினர். ஆகவே ஓயாது ஒட்டுவது நல்ல ரோசினன்று. பற்ற வேண்டிய கணத்தில் பற்றி, விட வேண்டிய கணத்தில் விடுவதே நல்லது.

ரோசினைத் தேர்வதும் இக்கோட்பாட்டைத் தழுவியதே. வயலினின் மெல்லிய தந்திக்குக் கடின ரோசின் பொருந்தும். டபுள் பேசின் தடித்த தந்தியை அசைக்க மென்மையான, பசைமிக்க ரோசின் வேண்டும். செல்லோவுக்கு உரியது இடைப்பட்டது. பொதுவாக வெளிர்நிறம் கடினமும் கருநிறம் மென்மையும் காட்டும். எனினும் செய்முறை வேறுபடுவதால் நிறத்தை மட்டும் நம்பலாகாது. வெப்பமும் ஈரமும் மிக்க சென்னை போன்ற கடற்கரை நகருக்குக் கடின வகை ஏற்றது; குளிர்ந்து வறண்ட ஊருக்கு மென்மையான வகை.

பூசும்போது வில்லின் அடிமுதல் நுனிவரை சீராக, மெதுவாக இழுத்தல் வேண்டும். விரைந்து தேய்த்தால் சூட்டில் ரோசின் உருகி மயிரை ஒட்டவைக்கும். புதிய மயிருக்கு மிகுதியாகப் பூச வேண்டும்; பழகிய மயிருக்குச் சிறிதளவே போதும். மிகைப்பட்டால் ஒலி கரகரக்கும்; குறைந்தால் வில் வழுக்கும். கைவிரலின் எண்ணெய்ப்பசை பற்றைக் கெடுப்பதால் மயிரைத் தொடலாகாது.

வாசித்து முடித்ததும் தந்தியிலும் மரத்திலும் படிந்த தூளை உலர்ந்த மென்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். விட்டுவைத்தால் மரத்தின் மெருகுப்பூச்சில் ஒட்டி இறுகும். சாராயத்தால் துடைத்தால் ரோசினோடு பூச்சும் கரையக்கூடும். சிலருக்கு ரோசின் தோல் ஒவ்வாமை தரும். அத்தகையோர்க்குச் செயற்கை வகைகள் உண்டு.

கடைப்பலகையில் சிறந்ததாகத் தோன்றும் கட்டி, குளிரூட்டிய அரங்கில் நொறுங்கலாம்; கோடைக் கச்சேரியில் பிசுபிசுக்கலாம். வெப்பத்தால் இயங்கும் பொருளை விலையும் பெயரும் கொண்டு மதிப்பிடல் தகாது. நாம் வாசிக்கும் இடத்தில், நம் கருவியில், நம் வில்லழுத்தத்தில் அது எளிதாகப் பற்றித் தெளிவாக விடுகிறதா என்று செவியால் தேர்வதே முறை.