சொல்தாவுக்கு ஒரு கவுன்சிலர்!

புதுச்சேரியில் தெருவிளக்கு எரியவில்லை என்று வையுங்கள். 'வார்டு கவுன்சிலரிடம் சொல்லேன்' என்று வெளியூர் நண்பர் யோசனை சொன்னால், உள்ளூர்க்காரர் சிரித்துவிடுவார். பின்னே? 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து, 2006-ல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் தேதியெல்லாம் குறித்தார்கள். கோர்ட், கேஸ் என்று அதுவும் நின்றுபோனது. சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசல்தான்!

ஆனால் இதே ஊரில் சில ஆயிரம் பேருக்கு மட்டும், அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த உள்ளூர்ப் பிரதிநிதிகள் 2014-லேயே கிடைத்துவிட்டார்கள். நம்ம சொல்தா குடும்பங்களுக்கு!

'சொல்தா' புதுச்சேரித் தமிழ். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இவர்கள் எப்படி பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள்? புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தானாகவே இந்தியர்கள். 'எனக்கு பிரான்ஸ்தான் வேணும்' என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு தேசம்!

அந்தக் காகிதத்தின் கனம் சாதாரணமில்லை. பிரான்சின் பழைய காலனிகளைச் சேர்ந்து, பின்னால் வேறு நாட்டுக் குடிமக்களாகிவிட்ட சிப்பாய்களின் பென்ஷனை 1959 டிசம்பரில் ஒரு சட்டம் அப்படியே உறைய வைத்துவிட்டது. ஒரே யுத்தம், ஒரே துப்பாக்கி. பாஸ்போர்ட்டைப் பார்த்து பென்ஷன்! இந்தப் பாரபட்சம் செல்லாது என்று பிரான்சின் அரசியல் சட்ட மன்றம் சொன்னது 2010-ல். தேதி? அதுவும் மே 28! அதற்குள் எத்தனை கிழவர்கள் போய்ச் சேர்ந்தார்களோ.

சரி, பிரதிநிதி விஷயத்துக்கு வருவோம். 1951-ல் எதுவார் குபேர் இங்கிருந்து பாரீஸ் பார்லிமென்டுக்கே போனார். இன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு எம்.பி. உண்டு. ஆனால் மாஸ்கோ, டோக்கியோ, சிட்னி, புதுச்சேரி எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதி. அவர் நன்றி சொல்ல ஒரு சுற்று வருவதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிடும்!

பக்கத்துத் தெருவில் போய்க் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டாமா? 2013 ஜூலையில் பிரான்ஸ் அதற்கென்று ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தந்த ஊரிலேயே ஆலோசகர்களைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் தேர்தல் 2014 மே. அடுத்தது கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி 2021 மே. முன்பெல்லாம் கூட்டத்துக்குத் தலைமை தூதரக அதிகாரி. 2021-க்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர். நல்ல மாறுதல்தான். ஆனால் ஒன்று: வருமானம் இல்லாத முதியவருக்கு உதவித்தொகை கேட்டு மனு வந்தால் இவர்கள் 'கொடுக்கலாம்' என்று கருத்துதான் சொல்லலாம். பணப்பெட்டிச் சாவி வேறு இடத்தில்.

உண்மையில் இவர்கள் தயவு தேவைப்படுவது, 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று நிரூபிக்கத்தான். சிரிக்காதீர்கள். உங்கள் அப்பாவும் நவம்பர் மாதம் பாங்க் வாசலில் இதற்குத்தானே நிற்கிறார்? நம்மூரில் 2014-ல் 'ஜீவன் பிரமாண்' வந்து கைரேகையில் வேலை முடிகிறது. சொல்தாவுக்கோ பிரான்சிலிருந்து பிரெஞ்சில் ஒரு தாள் வரும். நிரப்பி, அதிகாரியிடம் முத்திரை வாங்கி, கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். தாமதமானால் பென்ஷன் நிற்கும். நிரூபிக்கும் வரை ஆள் காலி!

படுத்த படுக்கையாகக் கிடக்கும் 85 வயசுக்காரர் எந்த ஆபீஸுக்குப் போவார்? சொல்தா செத்து, பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாத விதவைப் பாட்டி, 'தம்பி, இதுல என்னப்பா எழுதியிருக்கான்?' என்று யாரிடம் நீட்டுவார்? படித்துச் சொல்லி, தூதரகத்துக்கு போன் போட்டு, 'அந்தம்மா உயிரோட இருக்காங்க சார், நான் பார்த்தேன்' என்று சொல்ல ஒருவர் இருந்தால், அந்த வீட்டில் மாதாமாதம் அடுப்பு எரியும்.

2019-லிருந்து ஒரே சான்றிதழை பல பென்ஷன் அமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்கிறார்கள். நல்லதுதான். நடுங்கும் கையில் போனை அசையாமல் பிடிக்க ஒரு பேரன் வேண்டும். பேரன்கள் முக்கால்வாசிப் பேர் பாரீஸில்!

பென்ஷன் நின்றால் சொல்தாவுக்குத் தட்ட ஒரு கதவு கிடைத்துவிட்டது. வாசலில் தெருவிளக்கு நின்றால்? எதிர்வீட்டு இந்தியரையும் கூட்டிக்கொண்டு, எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். டார்ச் லைட்டோடு!