மிசோரம் அன்றும் இன்றும்: தோற்கத் தெரிந்த மாநிலம்

1966 பிப்ரவரி 28 இரவு, மிசோ மலையின் பல ஊர்களில் ஒரே சமயத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. அய்சாலில் அரசுக் கருவூலம் கொள்ளைபோனது. ஊரின் நட்டநடுவே இருந்த அசாம் ரைபிள்ஸ் முகாமை மிசோ தேசிய முன்னணியின் ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். மறுநாளே அவர்களுடைய தலைவர் லால்டெங்கா தனிநாடு அறிவித்தார். மார்ச் 5 அன்று இந்திய விமானப்படையின் ஹண்டர், தூஃபானி விமானங்கள் அய்சால் மீது பறந்து வந்து தாக்கின. வீடுகளும் கடைகளும் எரிந்தன. சனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள். சொந்தக் குடிமக்கள் வாழும் ஊரின்மீது இந்திய அரசு விமானத் தாக்குதல் நடத்தியதை மிசோக்கள் இன்றுவரை மறக்கவில்லை.

2025 மார்ச்சில், அதே அசாம் ரைபிள்ஸ் தளத்தை நகருக்கு வெளியே ஸோகாவ்சாங்குக்கு மாற்றும் விழா அய்சாலில் நடந்தது. மத்திய உள்துறை அமைச்சர் வந்திருந்தார். அன்று துப்பாக்கியால் முடியாதது இன்று கோப்பு நகர்ந்து முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பைராபி–சாய்ராங் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், 114 மீட்டர் உயரத் தூண் மேல் நிற்கும் ஒரு பாலம். அய்சாலின் வாசலுக்கே ரயில் வந்துவிட்டது.

1966 சண்டைக்கு விதை போட்டது மூங்கில். மிசோ மலையின் மூங்கில் காடுகள் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்த்து மடியும். அந்த விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலுக்கும் குதிருக்கும் வரும். மௌதம் என்று மிசோக்கள் சொல்லும் இந்தப் பஞ்சம் வரப்போகிறது என்று மிசோ மாவட்டக் கவுன்சில் 1958இலேயே, அப்போது மிசோ மலையை ஆண்ட அசாம் அரசை எச்சரித்து, நிதி கேட்டது. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். பஞ்சம் சொன்னபடி வந்தது. மக்களுக்கு அரிசி சுமக்கக் கிளம்பிய பஞ்ச முன்னணிதான் 1961 அக்டோபரில் மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியானது. லால்டெங்கா முன்னாள் ராணுவ ஹவில்தார். பிறகு மாவட்டக் கவுன்சிலில் கணக்கு எழுதியவர். அசாமிய மொழியை ஆட்சிமொழியாக்கிய 1960ஆம் ஆண்டுச் சட்டமும் கோபத்தைக் கூட்டியது.

அடுத்த மௌதம் 2006க்குப் பின் வந்தது. இந்த முறை அரசு முன்கூட்டியே திட்டம் வகுத்தது. எலி வாலைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு கொடுத்தார்கள். விளைச்சல் போனது, கஷ்டமும் இருந்தது. ஆனால் துப்பாக்கியை எவரும் எடுக்கவில்லை. அப்போது முதல்வர் நாற்காலியில் இருந்தவர் ஸோரம்தங்கா, காட்டில் லால்டெங்காவின் வலதுகையாக இருந்தவர். பஞ்சத்தில் பிறந்த கட்சி, பஞ்சத்தோடு 2008 தேர்தலைச் சந்தித்துத் தோற்றது. தோற்றவர்கள் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார்கள்.

காட்டுக்கும் அந்த வரிசைக்கும் நடுவே இருபது ஆண்டு ரத்தம் இருக்கிறது. 1967 முதல் ராணுவம் கிராமங்களைக் காலி செய்து, சாலையோரக் காவல் மையங்களில் மக்களைக் குடியேற்றியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இப்படி இடம்பெயர்க்கப்பட்டன. விட்டு வந்த வீடுகளுக்கும் தானியத்துக்கும் தீ வைத்தார்கள். வெளியே போக அனுமதிச் சீட்டு, இரவில் ஊரடங்கு. காட்டைத் திருத்தி விதைத்த சமூகம் ரேஷன் அரிசிக்குக் கையேந்தி நின்றது. கிளர்ச்சிக்காரர்களும் ஆள்களைக் கொன்றார்கள், மிரட்டி வரி வசூலித்தார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கியவர் கிராமத்து மிசோ. அதே மக்களின் மாநிலம் 2025 மே மாதம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

அமைதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1971இல் வங்கதேசம் பிறந்ததும் சிட்டகாங் மலையில் முன்னணிக்கு இருந்த புகலிடம் போனது. முன்னணி பர்மாவின் அரக்கானுக்குப் பெயர்ந்தது. 1972இல் மிசோரம் யூனியன் பிரதேசமானது. 1976இல் ஓர் உடன்பாடு எட்டப்பட்டுச் சிதறியது. 1974இல் மனித உரிமைக் குழு தொடங்கி ராணுவ அத்துமீறல்களைத் தட்டிக்கேட்ட ஓய்வுபெற்ற பிரிகேடியர் டி. சாய்லோ பின்னாளில் முதல்வரானார். சண்டை போதும் என்று இரு தரப்பையும் விடாமல் நச்சரித்தவர்கள் தேவாலயத் தலைவர்கள். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியை லால்டெங்கா சந்திப்பதாக இருந்தது. அன்று காலைதான் இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார். பேச்சை ராஜீவ் காந்தி அரசு தொடர்ந்தது. 1986 ஜூன் 30 அன்று உள்துறைச் செயலர் ஆர்.டி. பிரதான், மிசோரம் தலைமைச் செயலர் லால்காமா, லால்டெங்கா மூவரும் மிசோ அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்த நாள்களில் டெல்லி பல ஒப்பந்தங்கள் செய்தது. 1985 ஜூலையில் பஞ்சாப் ஒப்பந்தம். கையெழுத்திட்ட அகாலி தளத் தலைவர் லோங்கோவால் ஒரு மாதத்துக்குள் கொல்லப்பட்டார். 1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம். அதில் போராளிகள் கையெழுத்திடவே இல்லை, அதன் முடிவைத் தமிழர்கள் அறிவார்கள். மிசோரத்தில் ஆயுதம் ஏந்தியவரே கையெழுத்திட்டார், அவர் சொன்னதை அவருடைய ஆட்களும் கேட்டார்கள். எதிர்த்தரப்பும் விலை கொடுத்தது. காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா நாற்காலியை லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்துத் துணை முதல்வராக இறங்கினார். நம் நாட்டில் பதவியில் இருக்கும் ஒருவர் இப்படி எழுந்து நின்றது அபூர்வம். மிசோ வழக்காறு, நிலம், சமயம் பற்றிய நாடாளுமன்றச் சட்டங்கள் மாநிலச் சட்டமன்றம் ஏற்றால்தான் செல்லும் என்று அரசியலமைப்பில் 371ஜி பிரிவு சேர்ந்தது. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் மாநிலமானது.

ஒப்பந்தத்துக்கு உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது. 1987 தேர்தலில் 40 இடங்களில் 24 பெற்ற லால்டெங்கா, கட்சித் தாவலால் அடுத்த ஆண்டே ஆட்சியை இழந்தார். 1989 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. தேசத்துரோகி என்று தேடப்பட்டு, முதல்வராகி, பதவியும் போன ஒரு மனிதர் மீண்டும் காட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 1990இல் இறக்கும்வரை அரசியல்வாதியாகவே இருந்தார். ஸோரம்தங்கா 1998இல் வென்றார், 2008இல் தோற்றார், 2018இல் மறுபடி வென்றார். 2023இல் அவரை வீழ்த்திய லால்துஹோமா, இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பணியில் இருந்த முன்னாள் போலீஸ் அதிகாரி! பழைய கெரில்லாவும் பழைய போலீஸும் மோதிய அந்தத் தேர்தலில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. தேவாலயங்கள் 2006இல் உருவாக்கிய மிசோரம் மக்கள் மன்றம் கொடி, தோரணம், விருந்துக்கெல்லாம் கடிவாளம் போடுகிறது. போட்டி வேட்பாளர்களை ஒரே மேடையில் ஏற்றிப் பேசவைக்கிறது. நம்மூர்த் தேர்தலை நினைத்தால் பெருமூச்சுதான் வரும்.

இதனால் மிசோரத்தைச் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. 1997 இனமோதலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புரூ மக்கள் திரிபுராவுக்கு ஓடினார்கள். 2020இல் எட்டிய உடன்பாடும் அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்தியது. சிறுபான்மையாக இருந்து போராடிய இனம், தன் மாநிலத்துச் சிறுபான்மையிடம் பெரும்பான்மையாகவே நடந்துகொண்டது. ஒப்பந்தம் அனுமதித்த தனி உயர்நீதிமன்றமும் வரவில்லை. குவாஹாட்டி உயர்நீதிமன்றத்தின் கிளைதான் அய்சாலில் இருக்கிறது. மாநிலத்தின் வருவாய் பெரும்பாலும் டெல்லியை நம்பியே ஓடுகிறது. 1966இன் குண்டுவீச்சுக்குப் பொறுப்புக்கூறல் இன்னும் நடக்கவில்லை.

ஆனாலும் நாகாலாந்தின் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது, மணிப்பூர் 2023இல் மீண்டும் எரிந்தது. அங்கிருந்து தப்பியவர்களுக்கும் மியான்மரிலிருந்து வந்தவர்களுக்கும் மிசோரம் இடம் கொடுத்தது. மிசோரத்தில் அமைதி நிலைத்ததற்குக் காரணம் எளிது. போராளிக்கு ஆட்சி கிடைத்ததோடு அமைதி நின்றுவிடவில்லை. ஆட்சி போன பிறகும் அவரால் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. எந்த நாட்டில் எந்த ஒப்பந்தம் பேசினாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வென்றவருக்கு என்ன கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, தோற்பவருக்கு எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள்?