முப்பதாயிரத்துக்குக் கீழே

நம்மவர்களுக்குப் 'பிளேட்லெட்' என்ற சொல்லைக் கற்றுத் தந்தது டெங்குதான். 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானபோது, ஸலாம் சொன்ன கையோடு 'கவுண்ட் எத்தனை?' என்றுதான் கேட்டார்கள். அதனால் ஒருவருக்குப் பிளேட்லெட் குறைவென்று கேள்விப்பட்டதும் டெங்கு என்று முடிவு கட்டி, பப்பாளி இலையைப் பிழியத் தொடங்கிவிடுகிறோம். டெங்குவில் குறைந்த கவுண்ட், ஆள் தேறத் தேறத் தானாகவே ஏறிவிடும். காய்ச்சலே இல்லாமல், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் குறைந்தபடியே கிடக்கும் ஒரு நோயும் உண்டு. ஐ.ரி.பி. என்பார்கள். எனக்கு அது வந்து ஆறு வருஷமாகிறது.

பாடப் புத்தகத்தில் குருதிச் சிறுதட்டு என்று படித்திருப்போம். இரத்தம் உறைவதற்கு முதலில் ஓடி வந்து துளையை அடைப்பது இதுதான். ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருப்பது வழமை. எனக்கு 18,000க்கும் 40,000க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. காலில் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள், எங்கே இடித்தேன் என்றே தெரியாத நீலக் கண்டல்கள், பல் துலக்கும்போது முரசில் இரத்தம், நாள் கணக்கில் நிற்காத மாதவிடாய். இவைதான் அடையாளங்கள். இவற்றோடு ஒரு களைப்பும் உண்டு. ரிப்போர்ட்டில் அது எழுதப்படுவதில்லை. ஆனால் வகுப்பில் ஐந்து பாடவேளை நின்று படிப்பிக்கிறவளுக்கு அது தெரியும்.

ஏன் குறைகிறது? எங்கள் நிர்ப்பீடனம் தன் சொந்தப் பிளேட்லெட்டையே அந்நியன் என்று எண்ணிப் பிறபொருளெதிரியை ஒட்டிவிடுகிறது. ஒட்டப்பட்டதை மண்ணீரலிலுள்ள விழுங்கிக் கலங்கள் பிடித்து அழிக்கின்றன. என்பு மச்சையில் புதியவை உற்பத்தியாவதும் மந்தமாகிறது. இதைக் கண்டறிந்த கதை கொஞ்சம் பயங்கரமானது. 1950இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வில்லியம் ஹரிங்டன் என்ற இளம் வைத்தியர், ஐ.ரி.பி. நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிளேட்லெட் அதல பாதாளத்துக்குப் போய், வலிப்பும் வந்தது. சில நாட்களில் தேறினார். குற்றவாளி இரத்தத்தில்தான் இருக்கிறான் என்பது அப்படித்தான் உறுதியானது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோயில் முதல் கேள்வி 'என்ன மருந்து?' அல்ல, 'மருந்து வேணுமா?' என்பதுதான். பன்னிரண்டு மாதம் தாண்டினால் நாட்பட்டது என்று சொல்வார்கள். அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு 30,000க்குக் குறையாமலும், இரத்தப்போக்கு இல்லாமலோ அற்பமாகவோ இருந்தால், மருந்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது. சிறு பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாகவே சுகமாகிவிடும். நம்முடைய ஆட்களுக்கு இந்தச் சும்மா இருத்தல் பெரிய சங்கடம். "டொக்டர் ஒண்டும் தரல்லியா?" என்று உம்மா மூன்று தரம் கேட்டா. சும்மா இருப்பதற்கும் கிளினிக் திகதி தவறாமல் போக வேண்டும் என்பதை அவவுக்கு விளங்கப்படுத்தவே ஒரு மாதம் போனது.

கவுண்ட் விழுந்து இரத்தமும் வந்தால் முதலில் வருவது ஸ்டீரொய்ட். பிரெட்னிசொலோன் குளிசை மலிவு, எங்கும் கிடைக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் கவுண்ட் ஏறும். குறைக்கத் தொடங்கியதும் பலருக்குத் திரும்பவும் விழும். அப்போது 'இன்னும் கொஞ்ச நாள்' என்று இழுப்பதுதான் ஆபத்து. ஆறு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்பது இன்றைய நிலைப்பாடு. சீனி ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும், நித்திரை போகும், சும்மா கோபம் வரும். வீட்டுக்கு ஒருவர் நீரிழிவுக்காரராக இருக்கும் நம் குடும்பங்களில் சீனி என்பது சின்ன விஷயம் அல்ல. அவசரத்துக்கு நாளத்தில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் இருக்கிறது. விரைவாக ஏற்றும், விலையும் அதிகம், சில வாரங்களில் அதன் பலன் போய்விடும்.

நாட்பட்ட நோயில் உண்மையான யோசனை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிரதானமாக மூன்று வழிகள்.

ஒன்று ரிட்டுக்சிமாப். வழமையாக வாரத்துக்கு ஒன்றாக நான்கு தரம் ஏற்றுவார்கள். பாதிப் பேருக்கு மேல் முதலில் பலன் தெரியும். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தப் பலன் நிற்பது நாலில் ஒருவருக்கு, அல்லது அதிலும் குறைவாக. ஏற்றுமுன் ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், ஒளிந்திருந்த அந்த வைரஸ் கிளம்பி ஈரலைக் கெடுக்கலாம்.

இரண்டாவது, என்பு மச்சையைத் தூண்டி அதிகம் உற்பத்தி செய்ய வைக்கும் மருந்துகள். எல்ட்ரோம்போபக் தினக் குளிசை, ரோமிப்லோஸ்டிம் வாராந்த ஊசி. இரண்டும் 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. பெரும்பாலானோருக்கு வேலை செய்யும். ஆனால் நிறுத்தினால் பொதுவாக விழும். சிலருக்கு மட்டும் நிறுத்திய பின்னும் நிற்கும். இரத்தக் கட்டி வரும் அபாயம் கொஞ்சம் உண்டு. குளிசைக்கு ஈரல் பரிசோதனையும் செய்துகொண்டே இருக்க வேண்டும். வைத்தியசாலையில் கிடைக்காத மாதம் பாமசியில் வாங்கப் போனால் ஓர் ஆசிரியையின் சம்பளம் நின்று பிடிக்காது.

எல்ட்ரோம்போபக் குடிப்பவர்கள் நோன்பு மாதத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கல்சியம் இந்தக் குளிசையைக் கட்டிப்போட்டுவிடும். பால், தயிர், கல்சியம் குளிசை போன்றவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ நான்கு மணி நேரம் பின்பாகவோதான் இதைக் குடிக்க வேண்டும். நோன்பு திறந்ததும் பலூடா, ஸஹருக்குப் பால் தேத்தண்ணி என்று இருப்பவர்களுக்கு இரவு பதினொரு மணிதான் வசதி: ஏழு மணிக்கு முன் பால் முடிந்துவிட வேண்டும், ஸஹருக்கு இன்னும் நேரம் இருக்கும். நோன்பு பிடிக்கலாமா என்பதையும் உங்கள் வைத்தியரிடம் ஷஃபானிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது மண்ணீரலை எடுப்பது. 1916இல் பிராக் நகரில் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர் சொன்ன யோசனை இது. நூறு வருஷம் கழிந்தும் நீடித்த சுகத்தில் இதை மிஞ்சிய ஒன்று இல்லை: மூவரில் இருவருக்கு மருந்தே இல்லாமல் கவுண்ட் நிற்கும். சிறு துளைகள் வழியாகச் செய்வதால் சில நாட்களில் வீட்டுக்கு வரலாம். விலை வேறு இடத்தில் இருக்கிறது. மண்ணீரல் இல்லாத உடம்பு சில பக்டீரியாக்களிடம் ஆயுள் முழுக்கப் பலவீனமாகவே இருக்கும். ஆகவே நியுமொகொக்கஸ், மெனிஞ்சொகொக்கஸ், ஹிப் தடுப்பூசிகளைச் சத்திர சிகிச்சைக்கு இரண்டு வாரமாவது முன்பே போட வேண்டும். (மெனிஞ்சொகொக்கஸ் ஊசி ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு அறிமுகமானது.) பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்க முடியாது, அந்த நேரமே வைத்தியசாலைக்கு. தானாகச் சுகமாக வாய்ப்பிருப்பதால், நோய் கண்டு ஒரு வருஷமாவது பொறுத்துத்தான் இதைச் செய்வார்கள்.

எனக்கு வயது முப்பத்தைந்து. இன்னொரு பிள்ளை வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. அது இந்தத் தராசையே மாற்றிவிட்டது. கர்ப்பத்தில் எல்ட்ரோம்போபக் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. ரிட்டுக்சிமாப் ஏற்றினால் ஒரு வருஷம் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரசவ நேரம் கவுண்ட் 50,000க்கு மேல் இருந்தால் நல்லது. முதுகில் மயக்க ஊசி போடுவதற்கு அதைவிடவும் அதிகம் கேட்பார்கள். மாமி ஒரேயடியாகச் சொன்னா: "வயித்த வெட்டிப்போட்டு என்ன புள்ளப்பேறு?" மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, குளிசை விலையைக் கடதாசியில் கூட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் கேட்டது வேறு: "நீங்க ஆகக் கூடப் பயப்படுறது எதுக்கு? அதச் சொல்லுங்க முதல்ல." பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போவதற்கு என்றேன்.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். பப்பாளி இலைச் சாறு பற்றி டெங்குவில் சில சிறிய ஆய்வுகள் உண்டு. உடம்பு தானே அழிக்கும் நோயில் அது பலிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கவுண்ட் குறைந்தவர் ஹிஜாமா செய்யப் போவது, தோலைக் கீறுவதால், எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. வலிக்கு அஸ்பிரின், டைக்லோபினாக், இபுபுரூபன் ஆகாது, பரசிட்டமோல் பரவாயில்லை. சுன்னத்து வைக்கும் பிள்ளைக்கு அடிக்கடி கண்டல் விழுகிறதென்றால் முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தலையிடி கடுமையாகி வாந்தி, மயக்கம் வந்தால், அல்லது மலம் கறுத்துப் போனால், கவுண்ட் எடுக்கும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நான் மண்ணீரலை எடுக்கச் சம்மதித்திருக்கிறேன். மூன்று ஊசிகளும் போட்டாகிவிட்டது. கடைசியாகப் பார்த்த கவுண்ட் 26,000. சத்திர சிகிச்சைக்கு முன் இம்யூனோகுளோபுலின் ஏற்றி உயர்த்துவார்களாம். மூவரில் மூன்றாவது ஆளாக நான் இருந்துவிட்டால் மேலே சொன்ன முதல் இரண்டு வழிகளும் இன்னும் கையில் இருக்கின்றன. மாமி இப்போது, பெருநாளைக்கு முந்தியா பிந்தியா என்று மட்டும் கேட்கிறா.