சுண்ணாம்புத் தண்ணீரில் குளிக்கும் காகிதம்

சென்னைக்கு வடக்கே, கடலுக்குப் பக்கத்திலுள்ள வள்ளூரில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டு இரும்பு பீரோ நிறைய நாற்பதாண்டுக் காகிதம். கல்வெட்டுக் குறிப்பு அட்டைகள், கார்பன் பிரதிகள், சக ஆய்வாளர்கள் போட்ட இன்லண்ட் லெட்டர்கள். பல வருஷமாக யாரும் தொடவில்லை. ஆனாலும் தாள் பழுத்துப்போய் ஓரம் உதிர்கிறது. கரையானும் இல்லை, எலியும் இல்லை. பின் தின்பது யார்?

காகிதம் தன்னையே தின்கிறது. அதன் நாருக்குள் இருப்பது செல்லுலோஸ்: ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளைப் பாசிமணிபோலக் கோத்த மாலை. அமிலமும் ஈரமும் சேர்ந்தால் மாலை நடுநடுவே அறும். இந்த அமிலம் பெரும்பாலும் ஆலையிலேயே புகுந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில், மை ஊறிப் பரவாதிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் அமிலத்தன்மை கொண்டது. அதோடு கந்தல் துணிக்குப் பதிலாக மரக்கூழும் வந்தது. விலை குறைந்தது, ஆயுளும் குறைந்தது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1670 முதலான கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கந்தல் காகிதத்துக்கு இருக்கும் உறுதி, நம் பேராசிரியரின் மலிவான தட்டச்சுத் தாளுக்குக் கிடையாது!

அமிலம் வெளியிலிருந்தும் வரும். வள்ளூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். நிலக்கரி எரிந்தால் கந்தக டை ஆக்சைடு பிறக்கும். காற்றில் கலந்த அந்த வாயுவைக் காகிதம் சத்தமில்லாமல் உறிஞ்சி, உள்ளே கந்தக அமிலமாக மாற்றிவிடும். லண்டன் அதீனியம் மன்றத்து நூலகத்தில் தோல் அட்டைகள் உதிர்ந்ததற்கு எரிவாயு விளக்கின் கந்தகமே காரணம் என்று 1843இலேயே சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. கடற்கரை ஈரம் இதற்கு ஒத்தாசை செய்யும். குண்டூசியும் துருப்பிடித்துத் தாளை ஓட்டையாக்கும்.

வைத்தியம் என்ன தெரியுமா? சுண்ணாம்பு. மை கரையாது என்று சோதித்தபின், தாளைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்கள். அமிலம் முறிகிறது. உலர்ந்ததும் நாரிடையே கால்சியம் கார்பனேட் தங்கி, இனி வரப்போகும் அமிலத்தையும் முறிக்கக் காத்திருக்கிறது. இதற்குக் 'காரச் சேமிப்பு' என்று பெயர் வைக்கலாம். பேனா மை கரையுமென்றால் குளியல் கூடாது, குளிர்ச்சிதான் வழி. வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலே தாளின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

எனக்குப் பெரிய வியப்பு வேதியியல் அல்ல, அடுக்குமுறை. பேராசிரியர் வைத்த வரிசையை ஆவணக் காப்பாளர் கலைக்கமாட்டார். ஓரிடத்தில் பிறந்த ஆவணங்கள் ஒன்றாகவே இருக்கட்டும் என்று 1841இல் பிரான்ஸ் அரசு விதி வகுத்தது. சொந்த வரிசையையும் கலைக்காதே என்பது பிறகு சேர்ந்தது. ஏன் இந்தப் பிடிவாதம்? சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் இரு பகுதிகளாக அச்சேறியது. அச்சில் கிடைப்பது முடிவு. எந்தக் கல்வெட்டை எதன் பக்கத்தில் வைத்து ஓர் ஆய்வாளர் யோசித்தார் என்பதை, இரண்டு தாள்கள் ஒட்டிக் கிடக்கும் விதம் மட்டுமே சொல்லும். அகரவரிசையில் அடுக்கிவிட்டால் அது போயிற்று.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பீரோ இருந்தால், பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிப்பது பெரும்பாடு. குண்டூசியை மட்டும் மெல்லக் கழற்றிவிட்டு, வரிசை கலையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து, ஓர் ஆவணக் காப்பகத்திடம் பேசுங்கள்.