பிஞ்சுக் கைக்கு ஒரு மூடி

சில மருந்துப் போத்தல்களின் மூடியை அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும். நம்மில் பலர் அதனோடு மல்லுக்கட்டியிருப்போம். என் பாட்டியோ பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்!

1967-ஆம் ஆண்டில் கனடாவின் வின்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி புரோவின் முயற்சியால் இம்மூடி உருவானது. மிட்டாய் என்று மாத்திரையை விழுங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர் அவர். ஒரே நேரத்தில் இரண்டு அசைவுகள் பிஞ்சுக் கைக்குக் கடினம், தத்துவம் அவ்வளவுதான். 1970-இல் அமெரிக்கா இதற்கெனச் சட்டமே இயற்றியது.

அந்நாட்டுச் சோதனை முறைதான் எனக்கு வியப்பளித்தது. 42 முதல் 51 மாதக் குழந்தைகளிடம் போத்தலை 5 நிமிடம் கொடுக்கிறார்கள். பிறகு திறந்து காட்டி, பல்லால் கடிக்கலாம் என்றும் சொல்லி, இன்னும் 5 நிமிடம்! மொத்தத்தில் 20 விழுக்காட்டினர் திறந்துவிட்டாலும் மூடி தேறிவிடும். ஆக, ‘குழந்தையால் திறக்கவே முடியாத மூடி’ என்று தமிழில் எழுதினால் பிழை. அது தாமதப்படுத்தும் மூடி.

நம் வீடுகளில் அந்தத் தாமதமும் கிடைப்பதில்லை. தின்னர், மண்ணெண்ணெய், குளோராக்ஸ் எல்லாம் மினரல் தண்ணீர் போத்தலுக்கு மாறிவிடுகின்றன. தாகமெடுத்த பிள்ளைக்கு அது தண்ணீர்தான். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை அழைத்துக் கேட்கலாம். மூச்சுத் திணறினால் நேரே மருத்துவமனைதான். என்ன குடித்தது என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். லேபிள் ஒட்டிய பழைய போத்தல் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.