மேயும் ஆட்டுக்கு ஒரு கைப்பிடித் தீனி



"படிக்கலைன்னா ஆடு மேய்க்கத்தான் போவே" என்று திட்டு வாங்காத மாணவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் கதையே தலைகீழ். ஆடு மேய்த்ததால்தான் நான் படிக்க வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியது நான்தான். ஒவ்வொரு செமஸ்டர் கட்டணத்துக்கும் எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு கிடா சந்தைக்குப் போகிறது. வியாபாரி முதுகைத் தடவிப் பார்ப்பார். எலும்பு கையில் தட்டினால் விலை இறங்கிவிடும். ஒரு கிடா போகிற இடத்தில் இரண்டாகப் போகும். ஆகவே ஆட்டுத் தீனி எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஆடு என்றால் மேய்ச்சல்தான். வெள்ளாற்றங்கரை, வாய்க்கால் வரப்பு, ரோட்டோரம் என்று அலைந்து தின்னும். ஆனால் வருஷத்தில் இரண்டு தடவை மேய்ச்சல் கைவிரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் சம்பாப் பயிர். அடைமழையில் ஆடு கொட்டகையை விட்டு இறங்காது. தையில் அறுவடை, அதன்பின் உளுந்து. சித்திரை, வைகாசியில் வயல் திறந்து கிடக்கும்; ஆனால் கிடைப்பது காய்ந்த தாள்தான். வயிறு நிறையும், உடம்பு ஏறாது.

ஏன் ஏறாது? ஆட்டுக்கு வயிறு நான்கு அறை. அதில் பெரிய அறை ஒரு நொதிக்கலன். நார்த்தீனியை அங்கே செரிக்க வைப்பது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை பெருகப் புரதம் வேண்டும். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மொத்தத் தீனியில் அது சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிவிடும். தின்றது வயிற்றிலேயே தங்கும். ஆடு மேற்கொண்டு தின்னாது. இந்த நேரத்தில் கொஞ்சம் புரதம் கொடுத்தால் அதே காய்ந்த தாளிலிருந்தே ஆடு கூடுதல் சத்தை எடுத்துக்கொள்ளும். அடர்தீவனம் மேய்ச்சலுக்குத் துணை. மேய்ச்சலுக்குப் பதில் அல்ல.

10 கிலோ கலவைக்கு ஒரு கணக்கு: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, தவிடு 3.2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2.5 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சாதா உப்பு 100 கிராம். புரதம் சோளத்தில் சுமார் 9, தவிட்டில் 12, புண்ணாக்கில் 42 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 360 + 384 + 1050 = 1794 கிராம். அதாவது ஏறக்குறைய 18 சதவீதம். நம்ம கால்குலேட்டர் இதற்கும் உதவும், பாருங்கள்!

தவிடு மலிவு என்று அதை மட்டுமே அள்ளிப் போடக்கூடாது. அதில் பாஸ்பரஸ் அதிகம். கிடாக்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் உண்டாகலாம்.

வளரும் குட்டிக்குத் தினம் சுமார் 100 முதல் 150 கிராம் போதும். சினையாட்டுக்குக் கடைசி 45 நாளில் 200 கிராம். வயிற்றிலுள்ள குட்டி பெரும்பாலும் அப்போதுதான் வளர்கிறது. அந்த நாட்களில் தாய் பட்டினி கிடந்தால் குட்டி நோஞ்சானாகப் பிறக்கும், மடியில் பாலும் இருக்காது.

காசு இல்லாதவர்கள் உளுந்து அடித்தபின் மிஞ்சும் கொடியையும் பொட்டையும் மழைக்காலத்துக்குக் காயவைத்துச் சேர்த்து வைக்கலாம். வேலியில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் வளர்க்கலாம். சூபாபுலில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட்டால் வீணாகாது.

முக்கியமான எச்சரிக்கை: அடர்தீவனத்தைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். களத்து நெல்லில் ஆடு திடீரென்று வயிறு முட்டத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி, மறுநாளே செத்துப் போகவும் கூடும். பூசணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் நச்சு இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

2011-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. ஆடு வந்தது, தீனி நம் பொறுப்பு. வழி சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் கடலூரிலேயே இருக்கிறது.

ஒரு குட்டிக்குத் தினம் 150 கிராம் வீதம் அறுபது நாளைக்கு 9 கிலோ கலவை. அதன் விலையை ஒரு பக்கம் எழுதுங்கள். கூடிய எடையின் விலையை மறுபக்கம் எழுதுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆட்டைத் தெரியும், நமக்குக் கணக்குத் தெரியும். இரண்டும் சேரட்டும், நண்பர்களே!